பனையுச்சியிலிருந்து வண்டித் தட்டுக்கு: இராமநாதபுரக் கடற்கரையில் இடம்பெயர் ஒலி-ஒளி அமைப்பின் வரலாறு

முன்னுரை

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களில் திருவிழா காணும் நிகழ்வாக மட்டுமன்றிக் கேட்கும் நிகழ்வாகவும் அமைகின்றது. முளைப்பாரி ஊர்வலம், ஏர்வாடிச் சந்தனக்கூடு, ஓரியூர் அருளானந்தர் திருத்தலப் பெருவிழா, விடிய விடிய நடைபெறும் வள்ளி திருமணம் நாடகம் ஆகிய அனைத்துக்கும் ஒலியும் ஒளியும் வெளியிலிருந்தே வந்து சேர்கின்றன. நாடக வரலாறும் கோயில் வரலாறும் கலைஞர்களையும் புரவலர்களையும் பதிவு செய்த அளவுக்கு, அவ்வொலி-ஒளியைச் சுமந்து வந்து நிறுவிய தொழிலாளரைப் பதிவு செய்யவில்லை. மக்கள் வழக்கில் ‘ரேடியோ செட்’, ‘மைக் செட்’, ‘சவுண்ட் சர்வீஸ்’ என்று பெயர் மாறி, இன்று ‘டீஜே வண்டி’ என நிற்கும் இவ்வமைப்பு ஒரே வாகனத்துக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கியமைக்குக் கருவி வளர்ச்சி மட்டுமே காரணமன்று. பாதை, கம்பி, சட்டம் ஆகிய மூன்றும் அதனைத் தீர்மானித்தன என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகின்றது.

தலைச்சுமையாக வந்த ஒளி

சங்கரதாஸ் சுவாமிகளின் (1867-1922) நாடகங்கள் மேடையேறிய தொடக்கக் காலத்தில் ஒலிபெருக்கி இல்லை. நடிகரின் குரல் எட்டும் தொலைவே அரங்கின் எல்லையாக இருந்தது. தீவட்டியும், அதன்பின் மக்கள் ‘காஸ் லைட்’ என்றழைத்த பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஒளி தந்தன. மேடையில் தொங்கவிடப்பட்ட அவ்விளக்கு, ஊர்வலத்தில் கூலியாளின் தலைமேல் ஏறியது. எனவே இடம்பெயர் ஒளியமைப்பின் முதல் தாங்கி மனித உடலே ஆகும். ஒருவர் சுமக்கக்கூடிய எடையே விளக்கின் அளவை வரையறுத்தது. பின்னாளில் வந்த இரும்புச் சட்டமும் முக்காலியும் செய்யும் வேலையை அன்று கூலியாளின் கழுத்து செய்தது.

கூம்பும் கம்பியும்

ஒலிபெருக்கி வந்தபோது குழாய் எனப்படும் கூம்பு வடிவமே ஊர்ப்புறத்தில் நிலைபெற்றது. கூம்பு, குறைந்த மின்திறனில் மனிதக் குரலுக்குரிய இடை அதிர்வெண்களை நெடுந்தொலைவுக்குச் செலுத்தும். மின்சாரம் எட்டாத ஊரில் வண்டி மின்கலத்தைக் கொண்டே பெருக்கியை இயக்க முடிந்தது.

இவ்வமைப்பின் மற்றொரு கூறு 100 வோல்ட் ஒலிக்கம்பி முறையாகும். பெருக்கியிலிருந்து உயர்ந்த மின்னழுத்தத்தில் செல்லும் ஒலிக்குறிப்பை ஒவ்வொரு கூம்புடனும் இணைந்த சிறு மின்மாற்றி ஏற்றுக்கொள்ளும். அதனால் மெல்லிய கம்பியிலேயே பெருமளவு இழப்பின்றித் தொலைவுக்கு ஒலியைக் கொண்டுசெல்ல இயலும். பெருக்கி மேடையருகே இருக்க, கூம்புகள் ஊரெல்லைப் பனைமரத்திலும் வேம்பிலும் கட்டப்பட்டன. அதே தெருக்களில் குழல்விளக்கும் சீரியல் விளக்கும் நீண்டன. அக்காலத்து ‘செட்’ ஓரிடத்தில் குவிந்த பொருளன்று. ஊர் முழுவதும் விரிந்த ஒரு வலை ஆகும். மரமேறத் தெரிந்தவரும் கம்பி இழுப்பவரும் இன்றி அது இயங்காது.

தீவும் பாலமும்

இப்பகுதியின் தனித்தன்மை இராமேசுவரம் தீவில் வெளிப்படுகின்றது. 1914இல் பாம்பன் தொடர்வண்டிப் பாலம் திறக்கப்பட்டது. ஆயினும் 1988இல் ஏறத்தாழ 2.3 கி.மீ. நீளமுள்ள அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் திறக்கப்படும் வரை தீவுக்குச் சாலைத் தொடர்பு இல்லை. எழுபத்து நான்கு ஆண்டுகள் தீவுக்குச் சென்ற எப்பொருளும் தொடர்வண்டியிலோ படகிலோ ஏற்றி இறக்கப்பட வேண்டியிருந்தது. பெருக்கி, கூம்பு, கம்பிச் சுருள் எனத் தனித்தனியே கையாளத்தக்க செட் இப்பயணத்துக்கு ஏற்றது. கட்டி முடித்த நிலையில் நகரும் வண்டி அமைப்புக்கு இங்கு வாய்ப்பே இல்லை. சாலைப் பாலத்துக்குப் பின்னரே, கருவியை இறக்காமல் வண்டியையே மேடையாக்கும் முறை தீவுக்கு இயன்றதாயிற்று.

குவிந்த அமைப்பு

பெட்டி ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் குறைந்த மின்தடையில் இயங்குவன. அவற்றுக்குத் தடித்த, குறுகிய கம்பி தேவை. ஆகவே அவை பெருக்கியின் அருகிலேயே நிற்க வேண்டியவை. ஊர் முழுவதும் பரவியிருந்த ஒலி ஒரே புள்ளியில் குவிந்தமைக்கு இதுவே அடிப்படைக் காரணம் எனலாம். 1980களில் அறிமுகமான நியோடிமியம் காந்தமும், பின்னர்ப் பரவிய இலகுவகைப் பெருக்கிகளும் எடையைக் குறைத்தன. ஆயிரம் வாட் ‘பார்’ விளக்கு நின்ற இடத்தில் இருநூறு வாட்டுக்கும் குறைவான எல்இடி விளக்கு வந்ததால் ஜெனரேட்டரும் சிறுத்தது.

2005இல் விற்பனைக்கு வந்து ‘குட்டியானை’ என்று பெயர்பெற்ற டாட்டா ஏஸ் போன்ற சிறு சரக்கு வண்டிகள் இச்சுருக்கத்துக்கு அளவுகோலாயின. ஏறத்தாழ ஏழடி நீளத் தட்டில் கனமான தாழ்சுருதிப் பெட்டிகள் அடியிலும், உயர்சுருதிப் பெட்டிகள் மேலும், விளக்குச் சட்டம் உச்சியிலும் அடுக்கப்படுகின்றன. எடை கீழே இருந்தால்தான் வண்டி சாயாது. உயர்சுருதி ஒலி கூட்டத்தின் தலைக்கு மேலாகச் சென்றால்தான் பின்வரிசைக்குக் கேட்கும். கடற்காற்று உயர்ந்த சட்டத்தைத் தள்ளும். உப்புக்காற்று இணைப்பிகளை அரிக்கும். எனவே இக்கடற்கரையில் தாழ்வாகவும் இறுக்கமாகவும் கட்டுவது அழகுக்காக மட்டுமன்று, பாதுகாப்புக்காகவும் ஆகும்.

சட்டமும் விடியல் நாடகமும்

ஒலி மாசு (ஒழுங்குபடுத்துதல் மற்றும் கட்டுப்படுத்துதல்) விதிகள், 2000 ஒலிபெருக்கிக்கு எழுத்து வழி அனுமதியைக் கட்டாயமாக்கின. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் அதன் பயன்பாட்டைத் தடை செய்தன. பின்னர் வந்த திருத்தம், ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு இடமளித்தது. 2005 சூலை 18இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இக்கட்டுப்பாட்டை உறுதிப்படுத்தியது.

இவ்விதி நோயாளிக்கும் மாணவருக்கும் உறங்கும் குழந்தைக்கும் உரிய அமைதியைக் காப்பது. அதன் தேவை மறுக்கத்தக்கதன்று. எனினும் அதன் விளைவு அனைவர்மீதும் ஒரே அளவில் விழவில்லை. இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியலில் முடியும் ஸ்பெஷல் நாடகத்துக்கு நள்ளிரவுத் தளர்வு நாடகத்தின் தொடக்கப் பகுதியை மட்டுமே தருகின்றது. மாலை நேரத்திலேயே முடிந்துவிடும் டீஜே ஊர்வலமோ நேர வரம்புக்குள் அடங்கிவிடுகின்றது.

அளவீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என வகுக்கப்பட்ட எல்லைகள் ‘ஏ’ நிறையிட்ட டெசிபலில் அமைந்தவை. அம்முறை 63 ஹெர்ட்சு ஒலியை ஏறத்தாழ 26 டெசிபல் குறைத்தே கணக்கிடும். சுவரைக் கடந்து நெஞ்சை அதிர்விக்கும் தாழ்சுருதி இதனால் குறைவாகவே பதிவாகின்றது. குரலைச் சுமந்த கூம்பு முழுமையாக அளக்கப்படுகின்றது. அதிர்வைச் சுமக்கும் பெட்டி பகுதியளவே அளக்கப்படுகின்றது.

முடிவுரை

தலைச்சுமை, மரக்கிளை, வண்டித் தட்டு என்னும் மூன்று தாங்கிகளின் வழியே இப்பகுதியின் ஒலி-ஒளி வரலாற்றைப் பகுக்கலாம். முதல் நிலையில் மனித உடலும், இரண்டாம் நிலையில் ஊரின் மரங்களும் தெருக்களும், மூன்றாம் நிலையில் வாகனத்தின் அளவும் அமைப்பை வடிவமைத்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் கருவி இலகுவாயிற்று. அதனுடன் ஒரு தொழில் திறனும் நீங்கியது. கம்பி இழுத்தோர், கூம்பு கட்டியோர், விளக்குச் சுமந்தோர் ஆகியோரின் வாய்மொழித் தரவுகளை அவர்கள் வாழும் காலத்திலேயே தொகுப்பது உடனடித் தேவையாகும். அத்தரவுகள் இன்றித் தென்மாவட்ட நாடக வரலாறும் திருவிழா வரலாறும் மேடைமேல் நின்றவரின் வரலாறாகவே எஞ்சும்.