டொமைன் உரிமையாளர்களைக் குறிவைக்கும் மின்னஞ்சல் மோசடிகள்

டொமைன் பெயர் ஒன்றைப் பதிவுசெய்து வைத்திருப்பவரின் பயத்தையோ ஆசையையோ தூண்டிவிட்டு, அவரிடமிருந்து பணத்தையோ கடவுச்சொல்லையோ அந்தப் பெயரையேயோ பறிப்பதற்காக அனுப்பப்படும் மின்னஞ்சல்கள் இவை. போலிப் புதுப்பிப்பு அறிவிப்பு, சீனாவிலிருந்து வரும் 'பிராண்ட்' எச்சரிக்கை, மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்கும் வாங்குநர், பதிவு நிறுவனத்தின் பெயரில் வரும் ஃபிஷிங் ஆகியவை பரவலானவை. வங்கியின் பெயரில் வரும் மோசடி அஞ்சலுக்கும் இவற்றுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. தன் கணக்கு எந்த வங்கியில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். டொமைன் எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். அந்தத் திகைப்பில்தான் இந்தத் தொழில் நடக்கிறது.

டொமைன் பெயர்கள் மூன்று அடுக்காக நிர்வகிக்கப்படுகின்றன. மேலே, 1998இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஐகேன் அமைப்பு விதிகளை வகுக்கிறது. அடுத்து, ஒவ்வொரு பின்னொட்டுக்கும் ஒரு பதிவகம்: டாட் காமுக்கு வெரிசைன், டாட் இன்னுக்கு நிக்ஸி. கடைசியாக, பொதுமக்களிடம் பணம் வாங்கிப் பெயரைப் பதிந்துகொடுக்கும் பதிவு நிறுவனங்கள். டாட் காம் போன்ற பொதுப் பின்னொட்டுகளில் உரிமையாளரின் ஒப்பந்தம் அந்த ஒரு பதிவு நிறுவனத்தோடுதான், அல்லது அதன் முகவரோடு. ஐகேன் தனிப்பட்ட உரிமையாளருக்குப் பில் அனுப்புவதில்லை; வெரிசைனும் அனுப்புவதில்லை. 'டொமைன் பதிவுத் துறை', 'தேசிய டொமைன் மையம்' போன்ற பெயரில் யாராவது பணம் கேட்டால், அப்படிக் கேட்க அவருக்கு என்ன உரிமை என்பதே முதல் கேள்வி.

முகவரி எப்படிக் கிடைக்கிறது?

2018 மே மாதம் வரை, ஹூயிஸ் எனப்படும் பொதுப் பதிவேட்டில் உரிமையாளரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தன. அவற்றை மொத்தமாக அள்ளி விற்பதே தனி வியாபாரமாக இருந்தது. இந்தியாவில் டொமைன் வாங்கிய சில மணி நேரத்திலேயே "சார், வெப்சைட் டிசைன் பண்ணித் தரவா?" என்று போன் வந்ததை அனுபவித்தவர்கள் ஏராளம். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்ததும் தனிநபர் விவரங்கள் பெருமளவு மறைக்கப்பட்டன. 2025 ஜனவரியில் பொதுப் பின்னொட்டுகளுக்கு ஹூயிஸ் கட்டாயம் என்பது போய், ஆர்டிஏபி என்ற புதிய நெறிமுறை அதன் இடத்துக்கு வந்தது.

ஆனால் மறைக்கப்படாத ஒன்று உண்டு: பெயர் எப்போது பதிவானது, எப்போது காலாவதியாகிறது, எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்ற விவரங்கள் இன்றும் எல்லோருக்கும் தெரியும். டாட் காமில் இயங்கும் பெயர்களின் முழுப் பட்டியலையும் விண்ணப்பித்துப் பெறலாம். தளத்தின் 'தொடர்புக்கு' பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி இருக்கவே இருக்கிறது. ஆகவே, அஞ்சலில் காலாவதித் தேதி சரியாகக் குறிப்பிடப்பட்டிருப்பதால் அது உண்மையான அஞ்சல் என்று ஆகிவிடாது. ஏமாறுபவர்களில் பெரும்பாலோர் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

போலிப் புதுப்பிப்பு

இந்த வகையின் முன்னோடி மின்னஞ்சலாக வரவில்லை, தபாலில் வந்தது. 'டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா' என்ற நிறுவனம் 2000களின் தொடக்கத்தில், பிற நிறுவனங்களில் பதிவாகியிருந்த பெயர்களின் உரிமையாளர்களுக்குப் புதுப்பிப்பு பில் போன்ற கடிதங்களை அனுப்பியது. பெயரைக் கேட்டாலே அரசு அலுவலகம் போலத் தோன்றும். கடிதம் பெற்றவர் புதுப்பிக்கிறோம் என்று நினைத்துக் காசோலை அனுப்புவார். உண்மையில் அவர் கையெழுத்திட்டது, தன் டொமைனைப் பழைய நிறுவனத்திலிருந்து இவர்களிடம் மாற்றும் சம்மதத்தில். அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2003 டிசம்பரில் சமரசமானபோது, 50,000 பேர் வரை மொத்தம் 3,75,000 டாலர் வரை இழப்பீடு பெறலாம் என்று தீர்வானது. மாற்றம் நிறைவேறாமல் போனாலும் ஒரு செயலாக்கக் கட்டணம் பிடிக்கப்படும் என்பதை முன்கூட்டிச் சொல்லாததும் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

அதோடு கதை முடியவில்லை. அதே குழுமத்தோடு தொடர்புடைய கனடாவின் பிராண்டன் கிரே இன்டர்நெட் சர்வீசஸ் என்ற பதிவு நிறுவனத்தை 2014 ஜூலையில் ஐகேன் 90 நாள் இடைநிறுத்தியது. அதன் மறுவிற்பனையாளர்கள் இத்தகைய அறிவிப்புகளை அனுப்பிவந்தார்கள் என்பதே காரணம். பத்து வருடத்துக்கு மேலாகியும் அதே தந்திரம் வேலை செய்திருக்கிறது. சட்டத்தின் ஓரத்திலேயே நடப்பதில் இவர்களுக்கு இருந்த தேர்ச்சியைப் பாராட்டத்தான் வேண்டும்.

இன்று மின்னஞ்சலில் வரும் வடிவம் இன்னும் சாமர்த்தியமானது. ஒரு கற்பனை உதாரணம். ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருப்பவருக்குக் காலை 10 மணிக்கு ஓர் அஞ்சல் வருகிறது. தலைப்பு: 'இறுதி அறிவிப்பு – டொமைன் சேவை காலாவதி'. உள்ளே ஒரு கட்டம். அதில் அவருடைய டொமைன் பெயர், இன்றைய தேதி, நாளைய தேதி, 86 டாலர் என்ற தொகை. கீழே 'பாதுகாப்பான கட்டணம்' என்று பச்சைப் பொத்தான். கடைக்காரர் அதற்குக் கீழே இறங்கிப் படிக்கமாட்டார். படித்தால், வெளிர்ச் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் இருக்கும்: 'இது பில் அல்ல; தேடுபொறிப் பதிவுச் சேவைக்கான அழைப்பு. வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை.' ஆக, இங்கே காலாவதியாவது டொமைன் அல்ல, அவர் கேட்கவே கேட்காத ஏதோ ஒரு 'சேவை'. தேடுபொறிகளில் பெயரைச் சேர்க்க யாருக்கும் பணம் கட்டவேண்டியதில்லை என்பது தனிக் கதை.

தொகையும் காட்டிக்கொடுக்கும். டாட் காம் பெயர் ஒன்றுக்குப் பதிவு நிறுவனங்கள் வெரிசைனுக்குச் செலுத்தும் மொத்த விலை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 10.26 டாலராக உயர்ந்தது. அதற்கு மேல் லாபம், வரி எல்லாம் சேர்த்தாலும் சாதாரணப் புதுப்பிப்பு 86 டாலருக்குப் போகாது.

உண்மையான அறிவிப்பு எப்படி வரும் என்பதற்கும் விதி உண்டு. ஐகேனின் 2013ஆம் ஆண்டு விதிப்படி, பொதுப் பின்னொட்டுப் பெயர்களுக்குக் காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் நினைவூட்டவேண்டும். புதுப்பிக்காமல் போனால், காலாவதியான ஐந்து நாளுக்குள் இன்னொரு முறை. தேதி தாண்டிய உடனே பெயர் பறிபோய்விடாது. பெரும்பாலான நிறுவனங்கள் சில வார அவகாசம் தருகின்றன. பெயர் நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, கட்டணம்தான் கூடுதல். 'இன்று இரவுக்குள் கட்டாவிட்டால் பெயர் வேறொருவருக்குப் போய்விடும்' என்ற மிரட்டலை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. புதிதாகப் பதிவுசெய்தவரின் மின்னஞ்சலைப் பதிவு நிறுவனம் சரிபார்க்கவேண்டும். 15 நாளுக்குள் உறுதிசெய்யாவிட்டால் டொமைன் முடக்கப்படலாம். அதாவது 'இந்த இணைப்பை அழுத்துங்கள், இல்லையேல் தளம் நின்றுவிடும்' என்று அச்சு அசல் மோசடிபோலவே ஓர் உண்மையான அஞ்சலும் வரும். அதைப் போலி என்று ஒதுக்கித் தளம் நின்றுபோனவர்களும் உண்டு. இரண்டுக்கும் வழி ஒன்றே: அஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், பதிவு நிறுவனத்தின் முகவரியைத் தானே தட்டச்சு செய்து உள்நுழைந்து பார்ப்பது. சரிபார்ப்பு நிலுவையில் இருந்தால் அங்கே தெரியும்.

சீனாவிலிருந்து வரும் 'நல்லெண்ணம்'

'அவசரம், உங்கள் தலைமை அதிகாரிக்கு அனுப்பவும்' என்று தொடங்கும் இந்த அஞ்சல் ஷாங்காயிலோ வேறொரு சீன நகரத்திலோ உள்ள 'டொமைன் பதிவு மைய'த்திலிருந்து வந்ததாகச் சொல்லும். 'இன்ன நிறுவனம் உங்கள் பெயரை டாட் சிஎன், டாட் காம் டாட் சிஎன், டாட் ஏசியா ஆகியவற்றில் பதிவுசெய்ய விண்ணப்பித்திருக்கிறது. அது உங்கள் பெயர் என்று கண்டோம். அவர்கள் உங்கள் கூட்டாளியா?' என்று பணிவாகக் கேட்கும். பணம் பற்றிப் பேச்சே இருக்காது. அதுதான் இதன் அழகு.

பதில் போட்டால் நாடகம் இரண்டாம் காட்சிக்குப் போகும். இப்போது அந்த 'நிறுவனமே' நேரடியாக எழுதும்: 'இந்தப் பெயர் எங்களுக்கு வேண்டும், விடமாட்டோம்.' உடனே மையத்திலிருந்து சமாதானம் வரும்: 'முன்னுரிமை உங்களுக்குத்தான். சில நாளில் முடிவு சொல்லுங்கள்.' கூடவே விலைப்பட்டியல், சந்தை விலையைப் போலப் பல மடங்கில். பட்டியலில் 'இணையச் சொல்' என்ற பெயரில் யாருக்கும் பயன்படாத ஒன்றும் சேர்ந்திருக்கும்.

பதிவு நிறுவனத்துக்கு வணிகச் சின்னம் யாருடையது என்று ஆராயும் கடமை கிடையாது என்பது தெரிந்தால் இந்தக் கட்டடம் சரிந்துவிடும். முந்திக் கேட்டவருக்குப் பெயர், அவ்வளவுதான் விதி. வாடிக்கையாளர் ஒருவர் பணத்தோடு நிற்கும்போது, கடல் தாண்டி இருக்கும் அந்நியரிடம் அனுமதி கேட்டு எந்த வியாபாரியும் காத்திருக்கமாட்டார். உண்மையிலேயே யாராவது உங்கள் சின்னத்தைக் கெட்ட எண்ணத்தோடு பதிந்துகொண்டால், அதற்குத் தனித் தீர்வு முறைகள் உண்டு. பொதுப் பின்னொட்டுகளுக்கு 1999 முதல் யுடிஆர்பி என்ற நடுவர் முறையும் டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பியும் இருக்கின்றன. ஜெனிவாவின் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பில் ஒரு நடுவர் முன் ஐந்து பெயர் வரை முறையிட 1,500 டாலர். செலவுதான், ஆனால் தேவைப்படாத பத்துப் பெயர்களை ஆண்டுதோறும் சுமப்பதைவிட மேல்.

ஆசைகாட்டும் வாங்குநர்

முந்தையவை பயத்தில் நடப்பவை; இது ஆசையில் நடப்பது. 'உங்கள் டொமைனை வாங்க விரும்புகிறேன், 8,000 டாலர் வரை தரலாம்' என்று ஒருவர் எழுதுவார். பேரம் பேசமாட்டார். 'விற்க வேறு பெயர்கள் உண்டா?' என்றும் கேட்பார். இரண்டு மூன்று அஞ்சலுக்குப் பிறகுதான் நிபந்தனை வரும்: பெயருக்கு மதிப்பீட்டுச் சான்றிதழ் வேண்டும், தானியங்கி மதிப்பீடு செல்லாது, குறிப்பிட்ட ஒரு சேவையில் வாங்கினால்தான் தன் முதலீட்டாளர் ஏற்பார். அந்தச் சேவைக்கு ஐம்பது, நூறு டாலர் கட்டியதும் வாங்குநர் காணாமல் போவார். சேவையும் வாங்குநரும் ஒரே ஆள்.

டொமைன் சந்தையில் உண்மையாக வாங்குபவர் மதிப்பீட்டுச் செலவை விற்பவர் தலையில் கட்டுவதில்லை. பெரிய தொகை என்றால் எஸ்க்ரோ எனப்படும் இடைக்காப்புச் சேவை வழியாகப் பணம் கைமாறும். அங்கேயும் ஒரு எச்சரிக்கை: வாங்குபவர் சொல்லும் எஸ்க்ரோ தளமே போலியாக இருக்கலாம் என்பதால், தளத்தை விற்பவரே தேர்ந்தெடுப்பது நல்லது.

பெயரையே பறிக்கும் ஃபிஷிங்

மேலே சொன்னவற்றில் போவது பணம் மட்டும். பதிவு நிறுவனக் கணக்கின் கடவுச்சொல்லைக் கறக்கும் அஞ்சலில் டொமைனே போய்விடும், அதோடு அந்த டொமைனில் இயங்கும் எல்லா மின்னஞ்சல்களும். 'உங்கள் தளத்தின் மீது புகார், டொமைன் முடக்கப்படுகிறது, புகாரின் நகலைத் தரவிறக்குங்கள்' என்பது இதன் இன்னொரு முகம், தரவிறங்குவது தீநிரல்.

கைதேர்ந்தவர்களும் தப்பவில்லை. 2013 ஆகஸ்ட் 27 அன்று நியூயார்க் டைம்ஸ் தளம் சிரியன் எலக்ட்ரானிக் ஆர்மி என்ற குழுவால் திசைதிருப்பப்பட்டது. அவர்கள் பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழையவே இல்லை. அதன் டொமைன் பதிவாகியிருந்த மெல்பர்ன் ஐடி நிறுவனத்தின் மறுவிற்பனையாளர் ஒருவரின் உள்நுழைவு விவரங்களை ஃபிஷிங் மூலம் எடுத்து, தளத்தைத் தேடி வருபவர்களுக்கு வழிகாட்டும் நேம்சர்வர் பதிவை மாற்றினார்கள். 2014 நவம்பரில் ஐகேனின் ஊழியர்களே, தங்கள் அமைப்பின் முகவரியிலிருந்து வந்ததுபோல் அமைந்த அஞ்சல்களை நம்பிக் கடவுச்சொற்களைக் கொடுத்தார்கள்.

திருடர்கள் விதிகளையும் நன்றாகப் படித்திருக்கிறார்கள். பெர்ல் என்ற நிரல்மொழிக்கான பெர்ல் டாட் காம் 2021 ஜனவரியில் கைமாறியது தெரிந்தபோது, உண்மையான கைப்பற்றல் 2020 செப்டம்பரிலேயே நடந்திருந்தது. மாற்றத்துக்குப் பின் 60 நாளுக்கு வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாதபடி விழும் பூட்டு விலகும்வரை அவர்கள் சத்தமில்லாமல் காத்திருந்ததாகவே தெரிகிறது. பெயர் 1,90,000 டாலருக்கு விற்பனைக்கும் வைக்கப்பட்டது. பிப்ரவரியில் உரியவரிடம் திரும்பியது.

அஞ்சலைப் படிப்பது

அனுப்புநர் பெயரை எவரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். பார்க்கவேண்டியது அதன் பின்னுள்ள முகவரி. இணைப்பில் முதல் சாய்கோட்டுக்கு முன் உள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும். வலது ஓரத்தில் உள்ள கடைசி இரண்டு துண்டுகளே பெரும்பாலும் உரிமையாளரைச் சொல்லும். டாட் கோ டாட் இன் போன்றவற்றில் மூன்று. இடப்பக்கம் எந்தப் புகழ்பெற்ற பெயர் இருந்தாலும் அது அலங்காரம்தான். அஞ்சல் நிரல் 'சரிபார்க்கப்பட்டது' என்று காட்டுவதையும் மிகையாக நம்பக்கூடாது. எஸ்பிஎஃப், டிகேஐஎம் சோதனைகள் அஞ்சல் குறிப்பிட்ட டொமைனிலிருந்து வந்ததை உறுதிசெய்யும். அந்த டொமைனை வைத்திருப்பவர் யோக்கியரா என்று சொல்லாது. எழுத்துப்பிழையைத் தேடுவது பழைய அறிவுரை. இப்போதெல்லாம் மோசடி அஞ்சல்கள் பிழையின்றியே வருகின்றன.

தமிழ்நாட்டுச் சிறு கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் இன்னொரு தொல்லை உண்டு. தளம் செய்துகொடுத்த டிசைனரே டொமைனையும் தன் கணக்கில் வாங்கியிருப்பார். பதிவு நிறுவனத்தின் நினைவூட்டல் அவருக்குப் போகும். தளத்தில் போட்டிருக்கும் முகவரிக்கு வருவதெல்லாம் போலி. உண்மையான அறிவிப்பை ஒருமுறைகூடப் பார்த்திராதவர் போலியை எதனோடு ஒப்பிடுவார்? ஐகேனின் லுக்அப் பக்கத்தில் டொமைனைத் தட்டினால் பதிவு நிறுவனத்தின் பெயர் தெரிந்துவிடும். பின் டிசைனரிடம் பேசிக் கணக்கைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது, பல வருடங்களுக்குச் சேர்த்துப் புதுப்பிப்பது (டாட் காமில் பத்து வருடம் வரை முடியும்), இடமாற்றப் பூட்டும் இரட்டைச் சரிபார்ப்பும் போடுவது ஆகியவை ஒரு மதியத்தில் முடிகிற வேலை. கணக்கின் மீட்பு மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக்கூடாது. டொமைன் போனால் அதை மீட்கும் வழியும் கூடவே போய்விடும்.

பணம் போய்விட்டால் இந்தியாவில் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யவேண்டும். கார்டு என்றால் வங்கியிடம் கட்டணத்தை மறுத்து முறையிடலாம். பெயரே போய்விட்டால் முதல் அழைப்பு பழைய பதிவு நிறுவனத்துக்கு. பொதுப் பின்னொட்டுப் பெயர்களின் இடமாற்றச் சிக்கலுக்காக நிறுவனங்களுக்கிடையே ஓர் அவசரத் தொடர்பு வைத்திருக்கவேண்டும் என்பது ஐகேன் விதி. அதில் வரும் அழைப்புக்கு எதிர்த்தரப்பு நிறுவனம் 4 மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாகவேண்டும். அந்தத் தொடர்பை உரிமையாளர் நேரடியாகப் பயன்படுத்த முடியாது. அதைப் பயன்படுத்தும்படி தன் பழைய நிறுவனத்தைக் கேட்கலாம்.