அமெரிக்காவில் பேச்சுரிமையும் அதன் சட்ட எல்லைகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பேச்சுரிமை என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் முதலாவது திருத்தத்தால் காக்கப்படும் அடிப்படை உரிமையாகும். 1791ஆம் ஆண்டு டிசம்பர் 15 அன்று ஏற்கப்பட்ட இத்திருத்தம் ஒரே ஒரு வாக்கியத்தால் ஆனது. சமயம், பேச்சு, பத்திரிகை, அமைதியாகக் கூடுதல், குறைதீர்க்கும்படி அரசிடம் முறையிடுதல் ஆகியவை பற்றி அது பேசுகிறது. இவ்வுரிமைகளைக் குறைக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்பதே அதன் சாரம். அதாவது அது குடிமக்களுக்கு இடப்பட்ட கட்டளை அன்று. அரசுக்கு இடப்பட்ட கட்டளை.

இந்த வாக்கியத்தில் இன்றுவரை ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் அதன் பொருள் பெரிதும் மாறியிருக்கிறது. 1919இல் கட்டாய இராணுவச் சேவையை எதிர்த்துத் துண்டறிக்கை அனுப்பியவரின் சிறைத் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 1969இல் பழிவாங்க நேரலாம் என்று பேசிய இனவெறி இயக்கத் தலைவரின் தண்டனையை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில், பேச்சு எங்கே முடிகிறது, குற்றம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கான விடை மாறிவிட்டது. அந்த விடையை மாற்றியவை பெரும்பாலும் சமூகம் விரும்பாத மனிதர்களின் வழக்குகளே.

ஜெங்கர் வழக்கு (1735)

அமெரிக்கா ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், ஆட்சியாளரைக் குறைகூறி எழுதுவது இங்கிலாந்துச் சட்டப்படி குற்றம். எழுதியது உண்மையாக இருந்தாலும் தப்ப முடியாது. உண்மையான குற்றச்சாட்டு ஆட்சியின் மதிப்பை இன்னும் அதிகமாகக் கெடுக்கும் என்பது அக்காலச் சட்ட அறிஞர்களின் வாதம்.

நியூயார்க் ஆளுநர் வில்லியம் காஸ்பியை விமர்சித்து வந்த வார இதழின் அச்சகத்தார் ஜான் பீட்டர் ஜெங்கர் 1734 நவம்பரில் கைது செய்யப்பட்டார். அவர் எட்டு மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்தபோது, அவருடைய மனைவி அன்னா இதழ் நிற்காமல் பார்த்துக்கொண்டார். 1735 ஆகஸ்டில் நடந்த விசாரணையில் வழக்கறிஞர் ஆண்ட்ரூ ஹாமில்டன், இதழை அச்சிட்டவர் ஜெங்கர்தான் என்பதை ஒப்புக்கொண்டார். அச்சிட்ட செய்தி பொய்யென்று காட்டினால் மட்டுமே தண்டிக்கலாம் என்று ஜூரிகளிடம் வாதிட்டார். நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. ஜூரிகள் ஏற்று ஜெங்கரை விடுவித்தனர். சட்டம் இதனால் உடனே மாறிவிடவில்லை. எனினும் மக்கள் மனத்தில் இவ்வழக்கு ஆழமாகப் பதிந்தது.

1798ஆம் ஆண்டின் சோதனை

முதலாவது திருத்தம் ஏற்கப்பட்டு ஏழு ஆண்டுகள் முடிவதற்குள்ளேயே அதற்குச் சோதனை வந்தது. பிரான்சுடன் போர் மூளும் அச்சம் நிலவிய 1798 ஜூலையில், குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் அரசநிந்தனைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசையோ காங்கிரஸையோ குடியரசுத் தலைவரையோ இழிவுபடுத்தும் நோக்குடன் பொய்யாக எழுதுவோருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 2,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம் என்றது அச்சட்டம். பாதுகாக்கப்பட்டோர் பட்டியலில் துணைத் தலைவர் பதவி இடம்பெறவில்லை. அப்போதைய துணைத் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த தாமஸ் ஜெபர்சன்!

வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லையன் ஆடம்ஸின் ஆடம்பரத்தைச் சாடியதற்காக 4 மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் பெற்றார். சிறையில் இருந்தபடியே மீண்டும் தேர்தலில் வென்றார். 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆடம்ஸ் தோற்றார். 1801 மார்ச்சில் சட்டம் காலாவதியானது. புதிய குடியரசுத் தலைவரான ஜெபர்சன், தண்டனை பெற்றவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார். லையன் கட்டிய அபராதத்தை 1840இல் காங்கிரஸ் அவருடைய வாரிசுகளுக்குத் திருப்பித் தந்தது. ஆனால் இச்சட்டம் செல்லுமா என்ற கேள்வி அதன் ஆயுட்காலத்தில் உச்ச நீதிமன்றத்தின் முன் வரவேயில்லை. தவற்றைத் திருத்தியவர்கள் நீதிபதிகள் அல்லர், வாக்காளர்கள்.

மாநிலங்களும் முதலாவது திருத்தமும்

திருத்தம் காங்கிரஸை மட்டுமே குறிப்பிடுவதால், உரிமைகள் பட்டியல் மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்று 1833இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனால் தென் மாநிலங்கள் அடிமை முறைக்கு எதிரான எழுத்துகளைத் தடை செய்ய முடிந்தது. சட்டத்தை விடக் கும்பலின் கை ஓங்கிய இடங்களும் உண்டு. அடிமை முறையை எதிர்த்துப் பத்திரிகை நடத்திய எலைஜா லவ்ஜாய், 1837 நவம்பர் 7 அன்று இல்லினாய் மாநிலத்தின் ஆல்டன் நகரில் தம் அச்சு இயந்திரத்தைக் காக்க முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

உள்நாட்டுப் போருக்குப் பின், 1868இல் பதினான்காவது திருத்தம் வந்தது. சட்ட முறைப்படி அன்றி ஒருவரின் சுதந்திரத்தை மாநிலங்கள் பறிக்கக் கூடாது என்று அது கூறியது. அந்தச் சுதந்திரத்தில் பேச்சுரிமையும் அடங்கும் என்பதை 1925இல் கிட்லோ வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அவ்வழக்கிலும் கிட்லோவின் தண்டனை உறுதியானது. கோட்பாடு மட்டும் நிலைத்தது.

முதல் உலகப் போரும் ‘தீ’ உவமையும்

1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. ஜூன் மாதம் உளவுச் சட்டம் நிறைவேறியது. கட்டாய இராணுவச் சேவைக்கு ஆள் சேர்ப்பதைத் தடுப்பது அச்சட்டப்படி குற்றம். 1918 மே மாதத் திருத்தம் இன்னும் கடுமையானது. அரசையும் கொடியையும் இராணுவச் சீருடையையும் இழித்துப் பேசுவதையே அது குற்றமாக்கியது.

பிலடெல்பியாவில் சோஷலிஸ்ட் கட்சியின் செயலாளராக இருந்த சார்லஸ் ஷெங்க், இராணுவத்துக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களுக்குத் துண்டறிக்கைகளை அஞ்சலில் அனுப்பினார். கட்டாயச் சேவை அடிமைத்தனத்துக்கு நிகர், அதை எதிர்க்க உரிமை உண்டு என்பது அதன் செய்தி. 1919 மார்ச் 3 அன்று அவருடைய தண்டனையை உச்ச நீதிமன்றம் ஒருமனதாக உறுதி செய்தது. நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் எழுதிய அத்தீர்ப்பில் இரண்டு கருத்துகள் புகழ்பெற்றன. ஒன்று, தெளிவான உடனடி அபாயத்தை உண்டாக்கும் பேச்சைத் தடுக்கலாம் என்ற அளவுகோல். மற்றொன்று, நாடக அரங்கில் தீப்பிடித்துவிட்டதாகப் பொய்யாகக் கத்திப் பீதியை உண்டாக்குபவனைப் பேச்சுரிமை காக்காது என்ற உவமை.

இந்த உவமை இன்றும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் ‘பொய்யாக’ என்ற சொல் பலமுறை விடுபட்டுப் போகிறது. அரங்கில் உண்மையாகவே தீப்பிடித்திருந்தால் கத்துபவன் குற்றவாளி ஆகமாட்டான். உயிர் காத்தவன் ஆவான். மேலும், இந்த உவமை துண்டறிக்கை அனுப்பிய ஒருவரைச் சிறைக்கு அனுப்பப் பயன்பட்டது என்பதையும் பலர் அறிவதில்லை.

ஒரு வாரம் கழித்து சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸின் தண்டனையும் உறுதியானது. 1918 ஜூனில் ஓஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் போரைக் கண்டித்து ஆற்றிய உரைக்காக அவருக்குக் கிடைத்தது 10 ஆண்டுச் சிறை. 1920இல் அட்லாண்டா சிறையில் இருந்தவாறே குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டு 9 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றார். 1921 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஹார்டிங் அவருடைய தண்டனையைக் குறைத்து விடுதலை செய்தார்.

அதே 1919இன் நவம்பரில் ஏப்ரம்ஸ் வழக்கு வந்தது. ரஷ்யாவுக்குப் படை அனுப்புவதை எதிர்த்து, நியூயார்க்கில் சன்னல் வழியே துண்டறிக்கைகளை வீசிய குடியேறிகளுக்கு 20 ஆண்டு வரை சிறை விதிக்கப்பட்டிருந்தது. பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்றனர். இம்முறை ஹோம்ஸ் மாறுபட்டார். உண்மையைச் சோதிக்கச் சிறந்த வழி, கருத்துகள் தடையின்றி ஒன்றோடொன்று மோத விடுவதே என்று எழுதினார். நீதிபதி லூயி பிராண்டைஸ் அவருடன் சேர்ந்தார். தவறான பேச்சை எதிர்கொள்ள அவகாசம் இருக்கும் வரை, அதற்கு மருந்து மேலும் பேச்சுதானே தவிர வாயை அடைப்பது அன்று என்று 1927இல் பிராண்டைஸ் விளக்கினார். அன்று சிறுபான்மைக் குரலாக இருந்த இக்கருத்துகள் பிற்காலத்தில் நீதிமன்றத்தின் கொள்கையாயின.

பள்ளி மாணவர்களின் இரு வழக்குகள்

பேச்சுரிமையில் பேசாமலிருக்கும் உரிமையும் அடங்குமா? மேற்கு வர்ஜீனியாவில் யெகோவாவின் சாட்சிகள் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்த பார்னெட் சகோதரிகள் பள்ளியில் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்து வெளியேற்றப்பட்டனர். 1940இல் இதேபோன்ற வழக்கில் பள்ளியின் பக்கம் நின்ற உச்ச நீதிமன்றம், மூன்றே ஆண்டுகளில் தன் முடிவை மாற்றியது. எந்த அதிகாரியும் நாட்டுப்பற்றையோ நம்பிக்கையையோ வாயால் ஒப்புக்கொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். தீர்ப்பு நாள் 1943 ஜூன் 14. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அன்று அமெரிக்காவின் கொடி நாளும்கூட.

1965 டிசம்பரில் அயோவா மாநிலத்தின் டெ மாய்ன் நகரில், 13 வயதான மேரி பெத் டிங்கர் உள்ளிட்ட மாணவர்கள் சிலர் வியட்நாம் போரில் இறந்தோருக்காகக் கறுப்புப் பட்டை அணிந்து பள்ளிக்குச் சென்று இடைநீக்கம் பெற்றனர். மாணவரும் ஆசிரியரும் பள்ளி வாசலில் தம் பேச்சுரிமையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவதில்லை என்று 1969இல் நீதிமன்றம் கூறியது. ஆனால் பள்ளியின் பணியைப் பெரிதும் குலைக்கும் செயலைத் தடுக்கும் அதிகாரம் ஆசிரியர்களுக்கு உண்டு என்ற எல்லையையும் அதே தீர்ப்பு வகுத்தது.

அவதூறும் பத்திரிகையும்

1960 மார்ச்சில் மார்ட்டின் லூதர் கிங்கின் வழக்குச் செலவுக்கு நிதி திரட்டும் விளம்பரம் ஒன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் வந்தது. அதில் சிறு பிழைகள் இருந்தன. மாணவர்கள் பாடிய பாட்டின் பெயர் தவறு. கிங் கைதான எண்ணிக்கையும் தவறு. அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகர ஆணையர் எல்.பி. சல்லிவன், விளம்பரத்தில் தம் பெயர் இல்லாதபோதும், அவதூறு வழக்குத் தொடர்ந்து 5 லட்சம் டாலர் இழப்பீட்டுத் தீர்ப்புப் பெற்றார். தென் மாநிலங்களில் இத்தகைய வழக்குகள் பெருகின. அவை வென்றிருந்தால் கறுப்பின மக்களின் போராட்டத்தைப் பற்றி எழுதவே பத்திரிகைகள் அஞ்சியிருக்கும்.

1964 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அத்தீர்ப்பை ரத்து செய்தது. பொது அலுவலர் ஒருவர் தம் பணி பற்றிய அவதூறு வழக்கில் வெல்ல வேண்டுமானால், செய்தி பொய் என்று தெரிந்தே வெளியிடப்பட்டது அல்லது உண்மையைப் பற்றிய அக்கறையே இல்லாமல் வெளியிடப்பட்டது என்று நிறுவ வேண்டும். நேர்மையான பிழைக்கும் இடம் இல்லையென்றால் விவாதமே நடக்காது என்பது இதன் அடிப்படை.

பிராண்டன்பர்க் அளவுகோல்

கு கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறி அமைப்பின் ஓஹையோ தலைவர் கிளாரன்ஸ் பிராண்டன்பர்க், தொலைக்காட்சிக் கேமரா முன் கறுப்பினத்தவரையும் யூதரையும் இழித்து, பழிவாங்க நேரலாம் என்று பேசினார். அவருடைய தண்டனையை 1969 ஜூனில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம் புதிய அளவுகோலை வகுத்தது. வன்முறையை வலியுறுத்தும் பேச்சைக்கூட, அது உடனடியான சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும், அதை உண்டாக்கும் வாய்ப்பும் கொண்டிருந்தால் மட்டுமே தண்டிக்கலாம். ஷெங்க்கைச் சிறைக்கு அனுப்பிய பழைய அளவுகோலின் இடத்தை இதுவே பிடித்தது.

இக்கொள்கையின் விலை என்ன என்பதை 1977இல் சிகாகோ அருகேயுள்ள ஸ்கோக்கி ஊர் உணர்ந்தது. ஹிட்லரின் முகாம்களில் உயிர் தப்பிய யூதர்கள் பலர் வாழ்ந்த அவ்வூரில் நாஜிச் சின்னங்களுடன் ஊர்வலம் செல்ல ஒரு குழு அனுமதி கேட்டது. அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியம் அக்குழுவுக்காக வாதாடியது. வாதாடிய வழக்கறிஞரே ஒரு யூதர். இதனால் ஒன்றியம் ஆயிரக்கணக்கான உறுப்பினர்களை இழந்தது. நீதிமன்றங்கள் ஊர்வலத்தை அனுமதித்தன. இறுதியில் அக்குழு ஸ்கோக்கிக்கு வராமல் 1978இல் சிகாகோவில் கூடிக் கலைந்தது. உறவினரைப் பறிகொடுத்தவர்களின் வேதனையை எந்தத் தீர்ப்பும் மறுக்கவில்லை. வேதனை தருவது மட்டுமே தடைக்குக் காரணமாகாது என்பதே சட்டத்தின் நிலை. 1989இல் கொடியை எரித்தவரின் தண்டனையையும் இதே அடிப்படையில் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் நீக்கியது.

இன்றைய எல்லைகள்

பேச்சுரிமை எல்லையற்றது அன்று. பின்வருவன பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றன:

1. உடனடி வன்முறையைத் தூண்டுதல்.
2. உண்மையான மிரட்டல். தம் சொல் மிரட்டலாகக் கொள்ளப்படக்கூடும் என்ற அபாயத்தை அறிந்தும் பேசியவரையே தண்டிக்கலாம் என்று 2023இல் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.
3. நேருக்கு நேர் நின்று கைகலப்பைத் தூண்டும் வசைச்சொல் (1942).
4. சட்டம் வரையறுக்கும் ஆபாசம் (1973). குழந்தைகளை வைத்து எடுக்கப்படும் பாலியல் படங்கள் (1982).
5. அவதூறு, மோசடி, நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி.

இவையன்றி, பேச்சின் நேரம், இடம், முறை ஆகியவற்றை அரசு ஒழுங்குபடுத்தலாம். நள்ளிரவில் குடியிருப்புப் பகுதியில் ஒலிபெருக்கி வைப்பதைத் தடுக்கலாம். ஆனால் ஒரு கட்சிக்கு அனுமதித்து மற்றொரு கட்சிக்கு மறுக்க முடியாது. ‘வெறுப்புப் பேச்சு’ என்று தனியொரு விலக்கு அமெரிக்கச் சட்டத்தில் இல்லை.

தமிழர் தொடர்புடைய வழக்கு

1997இல் அமெரிக்க அரசு குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியையும் தமிழீழ விடுதலைப் புலிகளையும் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியலில் உள்ளோருக்கு ‘பொருளுதவி’ செய்வது கடுங்குற்றம். பயிற்சியும் வல்லுநர் ஆலோசனையும்கூட அச்சொல்லில் அடங்கும். அமைதி வழியில் சிக்கலைத் தீர்ப்பது, ஐ.நா.விடம் முறையிடுவது போன்றவற்றைக் கற்பிக்க விரும்பிய மனிதாபிமானச் சட்ட அமைப்பு ஒன்றும், அமெரிக்கத் தமிழ் அமைப்புகள் சிலவும் இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தன.

2010 ஜூன் 21 அன்று 6க்கு 3 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. அமைதிக்கான பயிற்சியும் அவ்வமைப்புகளுக்கு மதிப்பைத் தேடித்தரும், வளங்களை வேறு வழிக்கு விடுவிக்கும் என்பது தலைமை நீதிபதி ராபர்ட்ஸின் வாதம். தாமாகவே, அவ்வமைப்புடன் தொடர்பின்றி, அதற்கு ஆதரவாகப் பேசுவதும் எழுதுவதும் குற்றமாகாது என்றும் தீர்ப்பு கூறியது. அமைதி வழியைக் கற்பிப்பது எப்படி வன்முறைக்கு உதவும் என்பதை அரசு காட்டவில்லை என்று நீதிபதி பிரேயர் மாறுபட்டார். இலங்கையில் போர் முடிந்து ஓராண்டுக்குப் பின் வந்த இத்தீர்ப்பு, தேசப் பாதுகாப்பு என்ற வாதம் இன்றும் எவ்வளவு வலிமையானது என்பதைக் காட்டுகிறது.

தனியாரும் இணையமும்

முதலாவது திருத்தம் அரசை மட்டுமே கட்டுப்படுத்தும். தனியார் நிறுவனம் ஊழியரை அவருடைய பேச்சுக்காக நீக்கினாலும், சமூக ஊடக நிறுவனம் ஒரு பதிவை அழித்தாலும் அத்திருத்தம் மீறப்பட்டதாகாது. இணையத்தில் அரசு பேச்சைத் தடுப்பதற்கு அச்சு ஊடகத்துக்குரிய அதே முழுப் பாதுகாப்பு குறுக்கே நிற்கும் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கோடிக்கணக்கானோர் பேசும் மேடைகள் இன்று சில நிறுவனங்களின் கையில் உள்ளன. 1791இல் அரசின் கையைக் கட்ட எழுதப்பட்ட வாக்கியம் இந்தப் புதிய நிலைமைக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே அமெரிக்க நீதிமன்றங்களின் முன் இப்போது உள்ள கேள்வி.