பீஷான்: ஒரு தொகுதியும் ஒரு பள்ளியும்

சிங்கப்பூருக்குப் போனால் நம்மில் பலர் சிராங்கூன் ரோட்டில் சாமி கும்பிட்டு, சாமான் வாங்கிக்கொண்டு திரும்பி விடுகிறோம். அடுத்த தடவை எம்.ஆர்.டி. ஏறி பீஷான் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள்.

அடுக்குமாடி வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் வரிசையாக நிற்கும் புறநகர் அது. ஆனால் அந்த மண் 1870 முதல் நூறாண்டுக் காலம் கான்டனீஸ், ஹக்கா சீனர்களின் இடுகாடாக இருந்தது. பெக் சான் தெங் என்று பெயர். 'பெக் சான்' என்பதை மாண்டரினில் சொன்னால் 'பீஷான்'. 1980-களில் கல்லறைகளைத் தோண்டியெடுத்து அங்கே குடியிருப்புகளைக் கட்டினார்கள். 1987 நவம்பரில் சிங்கப்பூரின் முதல் எம்.ஆர்.டி. ரயில் ஓடியபோது, அது நின்ற ஐந்து நிலையங்களில் பீஷானும் ஒன்று.

1992-ல் கத்தோலிக் உயர்நிலைப்பள்ளி இங்கே குடிபெயர்ந்தது. அதன் பிறப்பிடம் நகருக்குள், குவீன் ஸ்திரீட். அங்குள்ள புனித பேதுரு பவுல் ஆலயத்தைச் சார்ந்து 1935-ல் பிரெஞ்சுப் பாதிரியார் எட்வர்ட் பெஷராஸ் தொடங்கிய பள்ளி அது. சீனப் பிள்ளைகள் சீனமும் ஆங்கிலமும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அந்த ஆலயத்தில் முன்னொரு காலத்தில் தமிழ்க் கத்தோலிக்கரும் சீனரோடு சேர்ந்தே பூசை கண்டார்கள்! 1888-ல் ஓஃபிர் ரோட்டில் லூர்து மாதா ஆலயம் எழுந்தபின் தமிழர்கள் தனியே போனார்கள்.

பழைய பள்ளிக் கட்டடம் 2008-ல் கலை அருங்காட்சியகத்தின் கிளையானது. பள்ளியின் பழைய மாணவர்களில் ஒருவரான லீ சியன் லூங், 2004 முதல் 2024 வரை பிரதமராக இருந்தார்.

சிங்கப்பூரில் பெற்றோர்கள் ஆங்கிலப் பள்ளிகளை நாடவே, தாய்மொழிப் பள்ளிகள் காலியாகிக்கொண்டு வந்தன. நமக்குத் தெரியாத கதையா இது? சீனக் கல்வி மரபு அழியக்கூடாதென்று 1979-ல் ஒன்பது சீனப் பள்ளிகளைச் சிறப்பு உதவித் திட்டத்தில் அரசாங்கம் சேர்த்தது. கத்தோலிக் உயர்நிலைப்பள்ளியும் அதில் ஒன்று. மூன்றே வருடத்தில், 1982-ல், உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி பிள்ளைகள் குறைந்து மூடப்பட்டது. தமிழை முதல்மொழியாக வைத்து நடந்த கடைசிப் பள்ளி அது. ஒன்றுக்கு முட்டுக் கொடுத்தார்கள், மற்றது சாய்ந்தது. தமிழ் சொல்லிக் கொடுப்பவன் என்ற முறையில் எனக்கு இந்த இடம் உறுத்தத்தான் செய்கிறது. அந்தத் திட்டப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடம் என்றால் சீனம்தான்.

இனித் தொகுதிக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் இல்லாத பங்கு தேர்தலில் உண்டு. 1988-ல் வந்த குழுத்தொகுதிச் சட்டப்படி, ஒவ்வொரு வேட்பாளர் குழுவிலும் மலாய்க்காரரோ இந்தியரோ வேறு சிறுபான்மையினரோ ஒருவராவது இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

1997-ல் பீஷான்-தோ பாயோ ஐந்து உறுப்பினர் குழுத்தொகுதியாக உருவானது. எதிர்க்கட்சிக்கு ஒரு நல்ல வேட்பாளரைத் தேடுவதே பாடு, ஐந்து பேருக்கு எங்கே போவது? 1997, 2001, 2006 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களிலும் போட்டியே இல்லை. மக்கள் செயல் கட்சிக் குழு வேட்புமனு நாளிலேயே வென்றது. சிங்கப்பூரில் ஓட்டுரிமை வயது 21. 1997-ல் 21 வயதானவர், வீடு மாறாமல் அங்கேயே இருந்திருந்தால், நாடாளுமன்றத் தேர்தலில் முதல் ஓட்டுப் போடும்போது அவருக்கு வயது 35!

அந்த நாள் 2011 மே 7. பொத்தோங் பாசிரில் 1984 முதல் 27 வருடம் அசையாமல் இருந்த எதிர்க்கட்சித் தலைவர் சியாம் சீ டோங், அந்தத் தொகுதியை மனைவியிடம் விட்டுவிட்டு, சிங்கப்பூர் மக்கள் கட்சிக் குழுவோடு இங்கே நிற்க வந்தார். ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியர், பிறகு வழக்கறிஞர். வயது எழுபதைத் தாண்டி, பக்கவாதத்தால் தளர்ந்திருந்த சமயம். ஆளுங்கட்சி 56.93 விழுக்காடு பெற்று வென்றது. பொத்தோங் பாசிரும் 114 ஓட்டில் கைவிட்டுப் போனது. மனிதர் இரண்டையும் இழந்தார். ஆனால் பீஷான்காரர்களுக்கு அதற்குப் பிறகு 2015, 2020, 2025 என்று எல்லாத் தேர்தலிலும் ஓட்டுச் சீட்டு கைக்கு வந்தது.