ஜாகுவார் எக்ஸ்ஜே220 கருத்துரு மகிழுந்து

ஜாகுவார் எக்ஸ்ஜே220 என்பது பிரித்தானிய மகிழுந்து நிறுவனமான ஜாகுவாரின் பெயரில் 1988 அக்டோபர் 18 அன்று பர்மிங்காம் மோட்டார் கண்காட்சியில் காட்டப்பட்ட நான்கு சக்கர இயக்கக் கருத்துரு மகிழுந்து ஆகும். பெயரிலுள்ள 220, மணிக்கு 220 மைல் (354 கி.மீ.) என்ற இலக்கைக் குறிக்கும். நிறுவனத்தின் திட்டத்தில் முதலில் இந்த வண்டிக்கு இடமே இல்லை.

1987 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஜாகுவாரின் பொறியியல் இயக்குநர் ஜிம் ரேண்டல், வீட்டில் அட்டையை வெட்டி, நான்கில் ஒரு பங்கு அளவில் மாதிரி ஒன்றைச் செய்தார். அதை நம்பிச் சுமார் 12 ஊழியர்கள் மாலைகளிலும் வார இறுதிகளிலும் ஊதியமின்றி உழைத்தனர். அவர்களுக்குச் 'சனிக்கிழமைக் குழு' என்றே பெயர் வந்தது. கீத் ஹெல்ஃபெட் வடிவமைத்த உடற்கூடு அலுமினியத்தால் ஆனது. கதவுகள் மேல்நோக்கித் திறந்தன.

ஓட்டுநருக்குப் பின்னால் 6.2 லிட்டர் வி12 எஞ்சின் இருந்தது. ஏறத்தாழ 500 குதிரைத்திறனைப் பின்சக்கரங்கள் மட்டும் ஏற்றால், ஈரச் சாலையில் அவை பிடிப்பின்றிச் சுழலக்கூடும். எனவே முன்சக்கரங்களுக்கும் விசை தேவைப்பட்டது. ஆனால் கியர்பெட்டியோ எஞ்சினுக்கும் பின்னால்! அங்கிருந்து முன்னால் செல்லும் தண்டை எஞ்சினுக்கு அடியில் விட்டால் எஞ்சின் உயரும்; அதனுடன் வண்டியின் ஈர்ப்பு மையமும் உயரும். பாதி விரித்த புத்தகத்தை முதுகுப்புறம் கீழே இருக்கப் பிடித்தால் நடுவில் ஒரு பள்ளம் தெரியும் அல்லவா? வி12 எஞ்சினின் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு இடையிலும் அத்தகைய பள்ளம் உண்டு. மெல்லிய தண்டு அதன் வழியே முன்னால் கொண்டுசெல்லப்பட்டது. இந்த வண்டியின் மிக அழகான பகுதி, வெளியே தெரியாத இத்தண்டுதான் எனலாம்.

இந்த இயக்க அமைப்பை உருவாக்கிய எஃப்எஃப் டெவலப்மென்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர் டோனி ரோல்ட். 1953 லெ மான் பந்தயத்தை ஜாகுவார் வண்டியில் வென்றவர்களுள் ஒருவர் அவர். இரண்டாம் உலகப் போரில் கோல்டிட்ஸ் கோட்டைச் சிறையில் இருந்தபோது, தப்பிச் செல்ல இரகசியமாகக் கிளைடர் கட்டும் முயற்சியிலும் பங்கேற்றவர்.

கண்காட்சி நாளின் அதிகாலையில்தான் வேலை முடிந்தது. வண்டியைக் கண்டவர்கள் வாங்கத் துடித்தனர். பின்னர் விற்பனை அறிவிக்கப்பட்டபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 50,000 பவுண்டு முன்பணத்துடன் முன்வந்தனர். ஆனால் எடையும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் குறுக்கிட்டன. விற்பனைக்கு வந்த வண்டியில் வி12 எஞ்சினும் இல்லை, நான்கு சக்கர இயக்கமும் இல்லை. பின்சக்கரங்களை மட்டும் இயக்கும் 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6 எஞ்சினே இருந்தது. அதன் 542 குதிரைத்திறன் முந்தையதைவிடக் கூடுதல்தான். ஆயினும் பொருளாதாரச் சரிவும் சேர்ந்துகொள்ள, பலர் பின்வாங்கினர். சிலரது வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. ஏமாற்றப்பட்டோம் என்ற அவர்களது எண்ணம் முழுவதும் நியாயமற்றது அல்ல.

1992இல் இத்தாலியின் நார்தோ ஓடுபாதையில் மார்ட்டின் பிரண்டில் இவ்வண்டியை மணிக்கு 217 மைல் வேகத்தில் ஓட்டினார். அதற்கும் புகையைத் தூய்மையாக்கும் கருவிகளைக் கழற்ற வேண்டியிருந்தது. 1994இல் தயாரிப்பு நின்றபோது முந்நூறுக்கும் குறைவான வண்டிகளே செய்யப்பட்டிருந்தன. சனிக்கிழமைக் குழு கட்டிய வி12 வண்டி ஜாகுவாரின் பாரம்பரியச் சேகரிப்பில் சேர்ந்தது.