வாகனத் தரிப்பிடம்: இருக்கும் காணியிலேயே கூடுதல் இடம் பெறுவது எப்படி?

செய்தி சேகரிக்க வடக்கின் வைத்தியசாலைகளுக்கும் சந்தைகளுக்கும் செயலகங்களுக்கும் போகும்போது, "வாகனம் விட இடமில்லை" என்ற முறைப்பாட்டை நான் அடிக்கடி கேட்கிறேன். பல இடங்களில் காணி போதுமான அளவு இருக்கிறது, கோடுதான் இல்லை. கோடு இல்லாவிட்டால் ஆளுக்கொரு திசையில் நிறுத்துவார்கள். புதிய காணி தேடுவதற்கு முன், இருப்பதை அளந்து பார்ப்பது நல்லது.

கார்கள்

ஒரு காருக்கு 2.4 மீற்றர் அகலமும் 4.8 மீற்றர் நீளமும் வழமையான அளவு. நேராக, 90 பாகையில் நிறுத்தினால் நடுவழிக்கு 6 மீற்றர் வேண்டும். இருபக்கமும் வரிசை அமைக்க மொத்தம் 15.6 மீற்றர் அகலம் தேவை. காணி 30 மீற்றர் நீளமானால் பக்கத்துக்கு 12 வீதம் 24 கார்கள் நிற்கும்.

அகலம் 14 மீற்றர்தான் என்றால் நேராக ஒரு வரிசையே அமையும், 12 கார்கள். 45 பாகை சரித்துக் கோடு போட்டால் ஒருவழிப்பாதைக்கு 3.6 மீற்றர் போதும். இரு வரிசையாக 16 கார்கள் நிற்கும். ஆனால் உள்வாசலும் வெளிவாசலும் எதிரெதிர் முனைகளில் இருக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும்

ஒரு கார் நிற்கும் இடத்தில் நான்கு மோட்டார் சைக்கிள்களாவது நிற்கும். சரிவான வரிசைகளின் முனைகளில் மிஞ்சும் முக்கோணத் துண்டுகளும் அவற்றுக்குப் போதும். ஓட்டோ ஏறத்தாழ 2.6 மீற்றர் நீளமும் 1.3 மீற்றர் அகலமும் கொண்டது. அதற்குக் கார் அளவு இடம் வேண்டியதில்லை. மூன்றுக்கும் தனித்தனிப் பகுதி ஒதுக்க வேண்டும்.

கைவைக்கக் கூடாத இடம்

இடம் போதாதபோது முதலில் பறிபோவது மாற்றுத்திறனாளிகளுக்கான அகன்ற இடம்தான். போரில் கால் இழந்தவர்களும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களும் வாழும் எமது மண்ணில் இது சிறிய விடயமல்ல. காரின் கதவை முழுதாகத் திறந்து சக்கர நாற்காலியை இறக்க, பக்கத்தில் 1.5 மீற்றர் வெற்றிடம் வேண்டும். பக்கச் சில்லு பூட்டிய ஸ்கூட்டரும் சாதாரண மோட்டார் சைக்கிள் வரிசைக்குள் நுழையாது.

இங்கும் இடத்தை மிச்சம் பிடிக்கலாம். இரண்டு அகன்ற இடங்களை அருகருகே வைத்து, நடுவில் ஒரே வெற்றிடத்தைப் பொதுவாக விட்டால் 7.8 மீற்றருக்குப் பதில் 6.3 மீற்றர் போதும்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. பொதுக் கட்டடங்களை அவர்கள் அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வெளியாகின. ஆகவே இதை எவரிடமும் உதவியாகக் கேட்க வேண்டியதில்லை.

தொடங்குவது எப்படி?

முதலில் சுண்ணாம்பால் கோடு போட்டு, சந்தை கூடும் நாளையும் கிளினிக் நாளையும் உள்ளடக்கி ஒரு வாரம் கவனியுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரை அழைத்து, வாகனத்திலிருந்து வாசல்வரை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும் திருத்தங்களைச் செய்த பிறகு வர்ணம் பூசலாம்.