ஒரே கட்டம், இரண்டு வாத்தியார்கள்

கூகுளின் ‘குரோம் மியூசிக் லேப்’ 2016இல் வந்தது. பெர்லின் நகரத்து ஏபிள்டன் நிறுவனத்தின் ‘லேர்னிங் மியூசிக்’ அதற்கு அடுத்த ஆண்டு. இரண்டும் இலவசம். உலாவி இருந்தால் போதும், வாத்தியம் தேவையில்லை. இரண்டும் நம் முன் வைப்பதும் பெரும்பாலும் ஒன்றுதான்: கட்டம் போட்ட திரை. இடமிருந்து வலமாகக் காலம் ஓடும். மேலே போகப் போகச் சுருதி ஏறும்.

மியூசிக் லேபில் ‘சாங் மேக்கர்’ என்றொரு பகுதி. கட்டத்தைத் தொட்டால் வண்ணத்தோடு ஸ்வரம் ஒலிக்கும். கீழ் ஷட்ஜமும் மேல் ஷட்ஜமும் ஒரே சிவப்பு. ஸ்தாயி என்றால் என்ன என்று யாரும் விளக்காமலேயே குழந்தைக்குப் பிடிபட்டுவிடும். ‘மேஜர்’ என்று வைத்தால் சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்கள் மட்டும் கிடைக்கும். ‘பென்டடோனிக்’ என்றால் மோகனத்தின் ஐந்து. மோகனத்தில் கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் காதை உறுத்தாது. காரணம் எளிது: உறுத்தக்கூடிய ஸ்வரங்களை முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள். சந்தோஷமான ஏற்பாடுதான். ஆனால் எடுத்தது எது, ஏன் எடுத்தார்கள் என்று கேட்டால் அந்தத் திரையில் பதில் கிடையாது.

ஏபிள்டன் அந்தக் கேள்வியை விடுவதில்லை. தாளத்தில் தொடங்குகிறது: கிக், கிளாப், ஹை-ஹாட் என்று வரிசைகள், 16 கட்டங்கள். பிறகு பன்னிரண்டு ஸ்வரங்களையும் கொடுத்து, ஒரு ஸ்வரத்திலிருந்து 2, 2, 1, 2, 2, 2, 1 என்று அரைச்சுரங்களை எண்ணி மேஜர் ஸ்கேலை நம்மையே கட்டச் சொல்கிறது. அடுத்து, அந்த ஸ்கேலில் ஒன்று விட்டு ஒன்றாக மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து ஒலித்தால் கார்ட். தப்பாக எண்ணினால் தப்பாகவே கேட்கும். கோட்பாடு கற்க இதுவே ஒழுங்கான வழி என்பேன், மியூசிக் லேப் அளவுக்குச் சிரிக்க வைக்காவிட்டாலும்.

ஆனால் ஏபிள்டனின் எண்ணிக்கைக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது: ஸ்தாயியைப் பன்னிரண்டாகப் பிரித்தது ஏன்? அங்கே மியூசிக் லேபின் ‘ஸ்ட்ரிங்ஸ்’ கைகொடுக்கிறது. தந்தியைப் பாதியாக்கினால் மேல் ஷட்ஜம். மூன்றில் இரண்டு பங்கு பஞ்சமம், அதாவது அதிர்வெண் ஒன்றரை மடங்கு. பன்னிரண்டு சம பங்காக வெட்டிய கீபோர்டில் அதே பஞ்சமம் 1.498 மடங்கு. வித்தியாசம் காதுக்கு எட்டாது. காந்தாரத்தில்தான் சிக்கல்: தந்தியின் ஐந்தில் நான்கு பங்கு 1.25 மடங்கைத் தரும், கீபோர்டோ 1.26. தம்புராவோடு பழகிய காது இதைப் பொறுத்துக்கொள்ளாது. மேற்கத்திய இசை எந்த ஸ்வரத்தை ஆதாரமாக வைத்தாலும் ஒரே மாதிரி ஒலிக்கவேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட சமரசம் இது. கட்டம் என்பதே அந்தச் சமரசத்தின் படம்தான்.

எனவே கட்டம் இரண்டு தளங்களையுமே கட்டிப்போடுகிறது. ஸ்வரத்தை வளைத்து அசைக்கும் கமகத்துக்கு அதில் வரிசை இல்லை. புதிதாக வருபவருக்கு ஏபிள்டனைச் சொல்வேன், ஐந்து வயதுக் குழந்தைக்குச் சாங் மேக்கரை. ஏற்கெனவே பாட்டுக் கற்றவர் இரண்டையும் விட்டுவிட்டு நேரே மியூசிக் லேபின் ‘ஸ்பெக்ட்ரோகிராம்’ பக்கத்துக்குப் போகலாம். மைக்கைத் திறந்து தோடியின் காந்தாரத்தைப் பாடினால், அது எந்தச் சுருதியிலும் நிற்காமல் மேலும் கீழும் வளைந்து ஓடுவது கோடாகவே தெரியும்.