குழாய்க் கசிவைத் தேடிய கதை

17, 18ஆம் நூற்றாண்டுகளில் லண்டன் தெருக்களுக்கு அடியில் இருந்தவை மரக் குழாய்கள். எல்ம் மரத்தை நீளவாக்கில் துளைத்து, ஒரு முனையைக் கூராகச் சீவி, அடுத்ததன் வாயில் அடித்து இறுக்குவார்கள். 1613இல் வெட்டி முடிக்கப்பட்ட நியூ ரிவர் கால்வாயின் தண்ணீரும் இப்படித்தான் வீடுகளுக்குப் போனது. மரம் அழுத்தம் தாங்காது, இணைப்புதோறும் ஒழுகும், மண்ணுக்குள்ளேயே மக்கும். ஆனால் தண்ணீர் வாரத்தில் சில நாள், அதுவும் சில மணி நேரம்தான் வந்தது. வந்தபோது தொட்டியை நிரப்பிக்கொண்ட வீட்டுக்காரருக்கு, வழியில் மண்ணுக்குள் போனது எவ்வளவு என்று தெரிய வழியில்லை.

வார்ப்பிரும்புக் குழாய் வந்தபோது, கசியாமல் இணைப்பதே பெரும்பாடாக இருந்தது. 1785இல் செல்சி நீர்க் கம்பெனியின் பொறியாளர் தாமஸ் சிம்சன் அதற்கு விடை கண்டார். ஒரு குழாயின் முனை அடுத்ததன் அகன்ற வாய்க்குள் நுழையும். இடைவெளியில் சணலைத் திணித்து, காய்ச்சிய ஈயத்தை ஊற்றி, ஆறியதும் உளியால் தட்டி இறுக்க வேண்டும். ஈயம் மென்மையானது, இரும்பு வெப்பத்தில் நீண்டு குளிரில் சுருங்கும்போது சற்றே இடம் கொடுக்கும். கசிந்தால் மறுபடி தட்டினால் போதும். சென்னையின் பழைய வார்ப்பிரும்புக் குழாய்களும் ஈயம் ஊற்றி இணைக்கப்பட்டவையே.

வீட்டுக்குள் குழாயே ஈயம். ஈயத்தின் லத்தீன் பெயரான ‘பிளம்பம்’தான் பிளம்பர் என்ற சொல்லுக்கு வேர். லண்டன் பிளம்பர்களின் சங்கத்துக்கு 1365லேயே விதிமுறைகள் இருந்தன. அவர்களுக்கு ஓயாமல் வேலை கொடுத்தது குளிர்காலம். உறையும் தண்ணீர் ஏறக்குறைய 9 விழுக்காடு விரியும். ஈயக் குழாய் பிளந்துவிடும். பனிக்கட்டியே அடைப்பாக நிற்பதால் அப்போது ஒரு சொட்டும் வராது. குளிர் விட்டுக் கட்டி உருகும் நாளில்தான் கூரையிலிருந்து ஊற்றும்.

அதைச் சரிசெய்வது நுட்பமான கைவேலை. பிளந்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் துண்டைப் பொருத்துவார் பிளம்பர். பற்றக்கூடாத இடத்தில் விளக்குக் கரியும் பசையும் கலந்து பூசுவார். பற்ற வேண்டிய இடத்தைப் பளபளவெனச் சுரண்டிக் கொழுப்புத் தடவுவார். இரண்டு பங்கு ஈயமும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்த பற்றாசு, 250 டிகிரி செல்சியஸ் அளவில் முழுதாக உருகும். 183 டிகிரிக்கு இறங்கினால்தான் முழுதாக இறுகும். இடைப்பட்ட நேரத்தில் அது களிபோல் குழையும். அதற்குள், கொழுப்பில் தோய்ந்த தடித்த துணியை உள்ளங்கையில் ஏந்தி, நடுவில் பருத்து இருபுறமும் சரியும்படி வழித்துவிட வேண்டும். தாமதித்தால் இறுகிவிடும், அவசரப்பட்டால் வழிந்து தரையில் விழும். இந்த இணைப்பைப் பார்த்தே பிளம்பரின் கைத்திறனை மதிப்பிட்டார்கள்.

சொட்டும் குழாய்வாய்க்குத் தீர்வு இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரிலிருந்து வந்தது. அதுவரை இருந்த பித்தளைக் குழாய்வாய்களில் துளையுள்ள கட்டை ஒன்று சுழலும். பித்தளையும் பித்தளையும் உரசித் தேய்ந்து ஒழுகும். 1845இல் கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் நிறுவனம் கொண்டுவந்த திருகுக் குழாய்வாயில், காசளவு தோல் வாஷர் ஒன்று நீர்வழியை அழுத்தி மூடியது. தேய்ந்தது பித்தளையாக இல்லாமல் தோலாக இருந்ததால், அந்த வில்லையை மட்டும் மாற்றினால் போதும். இன்று ‘வாஷர் போச்சு’ என்று பிளம்பர் சொல்வது இந்த அமைப்பின் வழி வந்த பேச்சுதான்.

கசிவைச் சரிசெய்யத் தெரிந்தும், எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கும் வழி நெடுங்காலம் இல்லை. நாள் முழுதும் தண்ணீர் விட்டால் எல்லாம் ஒழுகியே போய்விடும் என்று பல கம்பெனிகள் வாதிட்டன. லிவர்பூல் நகரப் பொறியாளர் ஜார்ஜ் டீக்கன் 1873இல் உருவாக்கிய மீட்டர் அந்த வாதத்தை உடைத்தது. தண்ணீர் பாயப் பாயக் கூம்புக் குழலுக்குள் தட்டு ஒன்று இறங்கும். அதோடு இணைந்த பென்சில், கடிகாரம் சுழற்றும் உருளையில் சுற்றிய தாளில் கோடு போடும். யாராவது தண்ணீர் பிடித்தால் கோடு குதிக்கும். ஊர் உறங்கிய பின்னும் இறங்காமல் மட்டமாக ஓடும் கோடு கசிவினுடையது.

அந்த நேரத்தில் ஆய்வாளர்கள் தெருவில் இறங்கினார்கள். வீட்டுக்கு வெளியே உள்ள வால்வில் சாவிக்கோலை ஊன்றி, மறுமுனையில் காதை வைப்பார்கள். உள்ளே தண்ணீர் ஓடினால் ‘ஸ்ஸ்’ என்று கேட்கும். வால்வை மூடி, நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். மறுநாள் தாளில் அதே நேரத்தில் கோடு இறங்கியிருந்தால், கசிவு அந்த வீட்டில்தான். எல்லா வீட்டுக் கதவையும் தட்டிய பழைய சோதனை இதனால் தேவையற்றுப்போனது. குற்றம் உள்ள வீட்டுக்கு மட்டும் போனால் போதும். டீக்கனின் பெரிய சாதனை இந்தச் சிக்கனம்தான்.

இரவு நேரப் பாய்ச்சலை அளந்து கசிவைக் கணக்கிடும் முறையும், காதில் வைக்கும் கோலும் இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளன. ஆனால் இந்த முறைக்குக் குழாய் இரவு முழுதும் நிறைந்திருக்க வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊர்களில் மட்டக் கோடு விழ நேரமே கிடைப்பதில்லை. தண்ணீரை நிறுத்தியதும் அழுத்தம் இறங்கி, கசிந்த அதே வெடிப்பின் வழியே வெளியிலுள்ள அழுக்கு நீர் குழாய்க்குள் ஊறுகிறது. அடுத்த முறை தண்ணீர் விடும்வரை கோலில் எந்த ஓசையும் கேட்காது.